சேலம் பக்கம் சைகை மொழி இன்டர்பிரட்டர்களுக்கு டிப்ளமோவுக்கு அப்புறம் பயிற்சி எங்கங்க கிடைக்கும்?

அஸ்தம்பட்டி_கைமொழி

எல்லாருக்கும் வணக்கங்க. நான் டிஸ்லி, அதாவது இந்திய சைகை மொழி இன்டர்பிரட்டர் டிப்ளமோ, முடிச்சுட்டு சேலத்துல இன்டர்பிரட்டரா வேலை பாக்கறேன். திங்கக்கிழமை ஆனா கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், நடுவுல ஜிஎச் ஓபி, பேங்க்ல கேஒய்சி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணப் பதிவு, சில நாள் ராத்திரி நேரத்துல ஸ்டேஷன்ல இருந்து போன், இப்படி எல்லா வேலையும் கலந்து கலந்து வரும். வேலை பிடிச்சுத்தான் செய்யறேன், அதுல ஒண்ணும் குறையில்ல.

கேள்வி என்னன்னா, டிப்ளமோவுல கத்துக்கிட்டது ஒரு அடிப்படைதான், அதுக்கு மேல வளர்றதுக்கு நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு என்ன வழி இருக்குது? ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், ரிஜிஸ்ட்ரேஷன் ரினியூவல் வருது, அதுக்கு சிஆர்இ (தொடர் பயிற்சி) பாயின்ட் வேணும், சரி, ஆனா நான் பாக்கற சிஆர்இ அறிவிப்புல முக்கால்வாசி ஹியரிங் எய்டு, காக்ளியர் இம்ப்ளான்ட், பேச்சுப் பயிற்சி, ஆட்டிசம்னு மத்த துறைக்காரங்களுக்கானதாத்தான் இருக்குது. அதெல்லாம் தேவையில்லைன்னு சொல்லல, அதை உக்காந்து கேட்டு சர்டிபிகேட் வாங்கினா பாயின்ட் ஏறும், என் இன்டர்பிரட்டிங் ஏறுமாங்க?

எனக்கு முக்கியமா மூணு இடத்துல பலம் வேணும். ஒண்ணு வாய்ஸிங். பேசறதைக் கேட்டு சைகையில சொல்றது எனக்கு சுலபமா வருது, ஆனா டெஃப் ஆள், அதாவது காது கேளாதவர், வேகமா கதை சொல்ற மாதிரி சைகை பண்ணும்போது அதைப் பாத்துப் பாத்து நல்ல தமிழ்ல குரல் குடுக்கறது கஷ்டமா இருக்குது. ரெண்டாவது ஆத்தூர், தம்மம்பட்டி பக்கம், ஏற்காட்டு எஸ்டேட் பக்கம் எல்லாம் இருந்து வர்ற வயசான டெஃப் ஆளுங்க, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவங்க, வீட்டுல பழகின சைகை மட்டும் வச்சிருப்பாங்க, அவங்க கிட்ட ஐஎஸ்எல் (இந்திய சைகை மொழி) அப்படியே போய்ச் சேராது. மூணாவது, எங்க ஒன்றியத்துல பிஆர்சி (வட்டார வள மையம்) ஸ்பெஷல் எஜுகேட்டர்களுக்கு சைகை மொழி வகுப்பு எடுங்கன்னு கேட்டிருக்காங்க. காது கேக்கற நான் போய் அந்த மொழியைச் சொல்லிக் குடுக்கலாமா, அது முறையான்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குது, முறைன்னா எப்படி எடுக்கணும்னும் தெரியணும்.

அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. டெல்லிக்குப் போய்ப் படிங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, வீட்டு நிலைமைக்கு அது முடியாது.

---

நொய்யல்கரை

தம்பி, நான் கோயம்புத்தூர்ல பல வருஷமா இதே வேலைதான், கொஞ்ச காலமா மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கறேன். நீங்க கேட்டது மூணும் வேற வேற விஷயம், ஆனா வேர் ஒண்ணுதான்.

முதல்ல சிஆர்இ பத்தி. ஆர்சிஐ அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல் வச்சிருக்கறதே பட்டயம் வாங்கினவன் அதோட நின்னுறக்கூடாதுன்னுதான். பாயின்ட்டை கடைசி வருஷத்துல ஓடி ஓடிச் சேக்காதீங்க, அப்ப எது கிடைக்குதோ அதுல உக்கார வேண்டி வரும். ஆர்சிஐ வெப்சைட்ல அனுமதி குடுத்த சிஆர்இ நிகழ்ச்சிகள் பட்டியல் வரும், அதுல சைகை மொழி சம்பந்தப்பட்டது எப்பப்ப வருதுன்னு மாசா மாசம் பாத்துக்கிட்டே இருங்க. டெல்லியில இருக்கற ஐஎஸ்எல்ஆர்டிசி, அதாவது இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், நடத்தறதையும் கவனிங்க. உங்களுக்குக் கிட்டன்னா பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா வளாகம், அங்க சைகை மொழிக்கு ரொம்ப நாளா வேலை நடக்குது, 2001லயே ஐஎஸ்எல் அகராதி கொண்டு வந்த இடம். சேலத்துல இருந்து காலையில ரயில் ஏறினா பத்து மணி வகுப்புக்கு வந்துறலாம்.

வெளிநாட்டுல இதை எப்படி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறது நமக்கும் உதவும். அமெரிக்காவுல ஆர்ஐடின்னு இன்டர்பிரட்டர்களோட பதிவு அமைப்பு, 1964ல ஆரம்பிச்சது. அங்க சர்டிபிகேட் வச்சிருக்கறவங்க நாலு வருஷத்துக்கு 8 சிஇயூ, அதாவது தொடர் படிப்பு யூனிட், முடிக்கணும், ஒரு சிஇயூன்னா 10 மணி நேரம், ஆக 80 மணி நேரம். அதுல 6 சிஇயூ தொழில் சம்பந்தப்பட்ட படிப்பாவே இருக்கணும்னு கட்டாயம். எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா வகுப்புல உக்காந்தாத்தான் கணக்குன்னு இல்ல, முன்கூட்டியே திட்டம் போட்டு எழுதிக் குடுத்து நீங்களா ஒரு விஷயத்தைப் படிச்சாலும், பயிற்சி பண்ணினாலும் சேத்துக்குவாங்க. இங்க அந்த வசதி இல்ல, ஆனா அந்தப் பழக்கத்தை நம்ம வச்சுக்கறதை யாரும் தடுக்கல. ஒரு நோட்டு போட்டு இந்த ஆறு மாசம் வாய்ஸிங், அடுத்த ஆறு மாசம் ஆஸ்பத்திரி வேலைன்னு எழுதி வச்சு உழைச்சா அது பாயின்ட்டை விடப் பெருசு.

வாய்ஸிங் கஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்ல, பயிற்சி அமைப்பே அப்படி. ரெண்டு வருஷமும் கைக்குத்தான் வேலை ஜாஸ்தி, கண்ணுக்கு வேலை கம்மி. நான் மாணவர்களுக்குச் சொல்றது இதுதான். ஒரு டெஃப் நண்பரை அஞ்சு நிமிஷம் அவர் இஷ்டத்துக்குப் பேச விட்டு, அவர் சம்மதத்தோட போன்ல வீடியோ எடுத்துக்குங்க. முதல் தடவை குரலே குடுக்காதீங்க, முழுசாப் பாருங்க, பாத்துட்டு என்ன சொன்னார்னு உங்க வார்த்தையில சொல்லுங்க. ரெண்டாவது தடவை பத்தி பத்தியா நிறுத்தி நிறுத்தி குரல் குடுங்க. அப்புறம்தான் கூடவே ஓடற மாதிரி பண்ணணும். பல பேரு எடுத்த எடுப்புல கூடவே ஓடறாங்க, முதல் சைகை வந்த உடனே வாயைத் திறந்துறாங்க, வாக்கியம் எங்க போகுதுன்னே தெரியாது, ஏன்னா ஐஎஸ்எல்ல கேள்வி வார்த்தை கடைசியில வரும், இல்லைங்கறதும் கடைசியில வரும், பாதியில தொடங்கினா திருப்பிப் பேசித்தான் ஆகணும். கொஞ்சம் தாமதிச்சு கருத்து முழுசான பிறகு பேசற பொறுமைதான் வாய்ஸிங்ல பாதி. உங்க குரலையும் பதிவு பண்ணி மறுநாள் கேளுங்க, தமிழ் தமிழா இருக்குதான்னு பாருங்க. டெஃப் ஆள் மரியாதையா, தெளிவாப் பேசியிருப்பார், நம்ம குரல்ல அது தட்டுத்தடுமாறி வந்தா எதிர்ல இருக்கற ஆபீசர் அவரைத்தான் விவரம் பத்தாதவர்னு நினைப்பார். அந்தப் பொறுப்பு நம்ம மேல இருக்குது.

ரெண்டாவது கேள்விக்கு விடை டெஃப் இன்டர்பிரட்டர். வீட்டுச் சைகை மட்டும் தெரிஞ்ச ஒருத்தர் வந்தா, கூட ஒரு டெஃப் ஆளை வச்சுக்குங்க. நீங்க ஐஎஸ்எல்ல அவருக்குச் சொல்லுவீங்க, அவர் அந்தப் பெரியவருக்குப் புரியற மாதிரி நடிச்சு, காட்டி, அங்க இருக்கற பொருளைத் தொட்டுக் கொண்டு போவார். நம்மளால அது வராது, எவ்வளவு படிச்சாலும் வராது, அவங்க சின்ன வயசுல இருந்து அப்படித்தான் உலகத்தோட பேசியிருக்காங்க.

---

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி

வணக்கம். நான் டெஃப். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். மனைவியும் டெஃப். இந்தக் கேள்வியை நண்பர் எனக்குக் காட்டினார். எங்கள் பக்கம் இருந்தும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

இன்டர்பிரட்டர் பயிற்சி எங்கே என்று கேட்கிறீர்கள். எங்களிடம் இருக்கிறது. சர்டிபிகேட் கிடைக்கும் வரைக்கும் மாணவர்கள் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வாரா வாரம் வருகிறார்கள். கிடைத்த பிறகு வேலைக்கு மட்டும் வருகிறார்கள். டாக்டர் முன்னால், போலீஸ் முன்னால்தான் பார்க்கிறோம். அங்கே எங்களுக்கும் பயம், அவசரம். அந்த நேரத்தில் எங்கள் சைகையைக் கற்றுக்கொள்ள முடியாது. சும்மா இருக்கும்போது, சிரித்துப் பேசும்போது, சண்டை போடும்போது, கிரிக்கெட் பேசும்போது பார்த்தால்தான் வேகமான சைகை பழகும்.

இன்னொன்று. டெல்லி ஐஎஸ்எல்ஆர்டிசி அகராதி நல்லது. 2018ல் 3,000 சொல், 2021ல் 10,000 சொல் ஆனது. நாங்களும் பார்க்கிறோம். ஆனால் சேலத்தில் வயதானவர்கள் பழைய பள்ளிச் சைகைதான் செய்வார்கள். கிழமைகள் வேறு, எண்கள் வேறு, ஊர்ப் பெயர்கள் வேறு. புது இன்டர்பிரட்டர் அகராதிச் சைகை செய்துவிட்டு, இவருக்கு ஐஎஸ்எல் தெரியாது என்று ஆபீசில் சொன்னார். அது எங்களுக்கு வலித்தது. இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலீஷ் எழுத்தை விரலில் காட்டுவதும் அப்படித்தான். நாங்கள் தமிழ் மீடியம். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் எங்களுக்கு ஒரு மொழிப்பாடம் விலக்கு உண்டு. பெரும்பாலும் இங்கிலீஷை விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் பெரிய இங்கிலீஷ் வார்த்தையை எழுத்து எழுத்தாக விரலில் காட்டினால் என்ன புரியும்? உடம்பில் எங்கே, என்ன செய்யப் போகிறார்கள், வலிக்குமா, எத்தனை நாள், செலவு எவ்வளவு. இதைக் காட்டுங்கள். டாக்டரிடமும் கேளுங்கள், எனக்கே புரியவில்லை, விளக்குங்கள் என்று. கேட்பது தவறு இல்லை.

நீங்கள் வகுப்பு எடுக்கலாமா என்றும் கேட்டீர்கள். தனியாக வேண்டாம். டெஃப் டீச்சர் எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். டிடிஐஎஸ்எல் படிப்பு எங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், சைகை மொழி ஆசிரியர் ஆவதற்கு. படித்தவர்கள் இருக்கிறார்கள், வேலை இல்லை. ஒரு இடத்தில் வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். காது கேட்கும் ஆளுக்கு மதிப்பூதியம் கொடுத்தார்கள், எனக்கு பஸ் காசும் டீயும். பட்டறையில் அன்றைய கூலியும் போனது. நாங்கள் சொல்லித் தருவதும் வேலைதான்.

---

ஓமலூர்_டீச்சர்

அண்ணா நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு எங்க ஸ்கூல் குழந்தைங்க ஞாபகம்தான் வந்துச்சு. நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், அஸ்தம்பட்டி தம்பி வகுப்பு எடுக்கப் போறாரே அந்த மாதிரி ஆட்கள்ல ஒருத்தி. கேக்கற பக்கம் இருந்து எங்க நிலைமையையும் சொல்லணும்ல.

நாங்க படிச்ச காலத்துல செவித்திறன் குறைபாடு டிப்ளமோவுல பேச்சுப் பயிற்சி, உதட்டசைவு, கேட்டல் பயிற்சி, இதுக்குத்தான் முக்கியத்துவம். சைகை மொழி ஒரு ஓரமா வரும், பரீட்சைக்கு எழுத்து, நம்பர், கொஞ்சம் வார்த்தைன்னு முடிஞ்சுரும். 1880ல இத்தாலி மிலான்ல காது கேளாதோர் கல்வி மாநாடு ஒண்ணு கூடி பள்ளிக்கூடத்துல சைகையே வேண்டாம், பேச்சுதான்னு தீர்மானம் போட்டாங்களே, 2010ல வான்கூவர்ல கூடின மாநாடுதான் அதுக்கு வருத்தம் தெரிவிச்சுது, நடுவுல நூத்து முப்பது வருஷம் உலகம் முழுக்க டீச்சருங்க அந்த நினைப்புலதான் வளந்தோம். அதனால எங்களைக் குத்தம் சொல்லாம கத்துக் குடுங்க, கத்துக்க ஆசையாத்தான் இருக்கோம்.

சட்டமும் இப்ப தெளிவா இருக்குது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுல சைகை மொழியும் பிரெயிலும் தெரிஞ்ச ஆசிரியர்களைப் பயிற்சி குடுத்து வேலைக்கு வைக்கணும், மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் சேத்துன்னு சொல்லியிருக்கு. 2020 கல்விக் கொள்கையில ஐஎஸ்எல்லை நாடு முழுக்க ஒரே சீரா ஆக்கி பாடப்பொருள் உருவாக்கணும்னு இருக்குது, என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பு அளவுல ஐஎஸ்எல்லே ஒரு மொழிப்பாடமா வந்துருச்சு, 2024 டிசம்பர்ல பிஎம் இ-வித்யா கல்வி டிவியில 31ஆவது சேனல் ஐஎஸ்எல்லுக்குன்னே தொடங்கினாங்க. ஆனா இதெல்லாம் வகுப்பறைக்குள்ள வர்றதுக்கு எங்க கை அசையணும்ல, அதுக்கு யார் வர்றாங்க?

ஒரே ஒரு வேண்டுகோள் தம்பி. வர்றவங்க எல்லாரும் போர்டுல வார்த்தைப் பட்டியல் போட்டு பழம், காய், நிறம், விலங்குன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போறாங்க. நாங்களும் வீடியோ எடுத்துக்கறோம், மறுவாரம் மறந்து போயிருது. எங்களுக்கு வேண்டியது அது இல்ல. ஒரு கதையை எப்படிச் சொல்றது, குழந்தை தப்பாப் புரிஞ்சுக்கிட்டா எப்படித் திருப்பிக் கேக்கறது, திட்டாம எப்படிக் கண்டிக்கறது, கேள்வி கேக்கும்போது புருவம் எங்க போகணும், ஏன் எதுக்குன்னு கேக்கறப்ப முகம் எப்படி மாறணும், ரெண்டு பேரு பேசிக்கற மாதிரி கதையில தோளை எப்படித் திருப்பணும், இதைச் சொல்லிக் குடுங்க. குழந்தைங்களை அரைவட்டமா உக்கார வைக்கணும், ஜன்னல் வெளிச்சம் எங்க முதுகுக்குப் பின்னால இருந்தா முகமே தெரியாதுங்கற சின்ன விஷயம் கூட பல வருஷம் கழிச்சு ஒரு டெஃப் அம்மா வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது, அவங்க பையனை விட வந்தவங்க வகுப்பறையைப் பாத்துட்டு பெஞ்சையெல்லாம் அவங்களே இழுத்துப் போட்டாங்க. பயிற்சி நடக்கற அறையில யாரும் வாய் திறக்கக்கூடாதுன்னு விதி போட்டுருங்க, முதல் ஒரு மணி நேரம் கஷ்டமா இருக்கும், அப்புறம் கண்ணு வேலை செய்ய ஆரம்பிச்சுரும்.

---

சேர்வராயன்_பிள்ளை

நான் ஏற்காடு. அப்பா அம்மா ரெண்டு பேரும் டெஃப், காப்பி எஸ்டேட் வேலை. நடக்கப் பழகினப்பவே சைகையும் பழகியாச்சு. சின்ன வயசுல இருந்தே கீழ சேலத்துக்கு இறங்கி வந்து ஆஸ்பத்திரி, பேங்க், எல்லாத்துலயும் நான்தான் குரல். நொய்யல்கரை அண்ணன் பாயின்ட், நோட்டு, மணிக்கணக்குன்னு எழுதியிருக்காங்க, மரியாதையோட ஒண்ணு சொல்றேன். எங்களை மாதிரி கோடா பிள்ளைங்களுக்கு இந்த சர்டிபிகேட் எல்லாம் எதுக்குங்க? எங்க மொழியை எங்க கிட்டயே பரீட்சை வச்சு நீ தகுதியான்னு கேக்கறது ஒரு மாதிரி இருக்குது. மொழி வராம டிப்ளமோ வச்சிருக்கறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்.

---

நொய்யல்கரை

தங்கச்சியா தம்பியான்னு தெரியல, எதுவா இருந்தாலும் உங்க கோபம் புரியுது. உங்க சைகைக்கு முன்னால என் சைகை நிக்காது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா மொழி தெரியறது வேற, இன்டர்பிரட்டிங் வேற. நீங்க இது வரைக்கும் பண்ணினது பிள்ளையா பண்ணினது. டாக்டர் கெட்ட சேதி சொன்னா அம்மா மனசு தாங்காதுன்னு பாதியை முழுங்கியிருப்பீங்க, ஆபீசர் எரிஞ்சு விழுந்தா அப்பா கிட்ட அதை அப்படியே காட்டியிருக்க மாட்டீங்க. பாசத்துல செய்யறது, அது தப்பே இல்ல. ஆனா நாளைக்கு முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தருக்குப் போய் நிக்கறப்ப முழுங்கறதுக்கு நமக்கு உரிமை கிடையாது, சொன்னது எல்லாம் போய்ச் சேரணும், திட்டினதும் சேரணும். அதுக்குத்தான் பயிற்சி.

கோர்ட்டுன்னு வந்துட்டா இன்னும் கறார். பழைய சாட்சியச் சட்டம் 119ஆம் பிரிவுலயே, வாய் பேச முடியாத சாட்சிக்கு இன்டர்பிரட்டரோ ஸ்பெஷல் எஜுகேட்டரோ வச்சு வாக்குமூலத்தை வீடியோ எடுக்கணும்னு 2013 திருத்தத்துல கொண்டு வந்தாங்க. போக்சோவுல குழந்தை வாக்குமூலத்துக்கும் அந்த ஏற்பாடு உண்டு. அங்க எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கற முதல் கேள்வியே உங்க தகுதி என்னங்கறதுதான். நீங்க எவ்வளவு நல்லா சைகை பண்ணினாலும் காகிதம் இல்லைன்னா அந்தப் பொண்ணோட சாட்சியமே ஆட்டம் காணும். 2023 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்ல டெஃப் வக்கீல் சாரா சன்னி இன்டர்பிரட்டரோட ஆஜரானாங்களே, அது இன்னும் பல கோர்ட்டுக்கு வரப் போகுது, அப்ப உங்களை மாதிரி ஆளுங்கதான் அங்க நிக்கணும்னு எனக்கு ஆசை.

உங்களை முதல்ல இருந்து ரெண்டு வருஷம் உக்காந்து படிங்கன்னு சொல்லல. கோடா, சோடா, அதாவது டெஃப் பெத்தவங்களோட பிள்ளைங்க, டெஃப் ஆளுங்களோட கூடப் பொறந்தவங்க, இவங்க ஏற்கனவே இருக்கற திறமையைக் காட்டி சர்டிபிகேட் வாங்கறதுக்கு ஐஎஸ்எல்ஆர்டிசி சிஐஎஸ்எல்ஐன்னு திறன் தேர்வு வச்சிருக்கு. அவங்க வெப்சைட்ல அறிவிப்பு வர்றப்ப விண்ணப்பம் போடுங்க, உங்களுக்கு அதுதான் சரியான வாசல்.

அஸ்தம்பட்டி தம்பிக்கும் சேத்து இன்னொண்ணு. நம்ம தொழில்ல தப்பு சரின்னு பேசறதுக்கு ஒரு சட்டகம் இருக்குது, அமெரிக்காவுல ராபின் டீனும் ராபர்ட் பொல்லார்டும் கொண்டு வந்தது, டிமாண்ட் கன்ட்ரோல்னு சொல்லுவாங்க. ஒரு வேலைக்குப் போனா நம்மளை அழுத்தறது எதுஎதுன்னு நாலாப் பிரிச்சுப் பாக்கறது. இடத்தோட நெருக்கடி, அதாவது ஓபி கூட்டம், இருட்டு அறை, நர்ஸ் பேசற கலைச்சொல். மனுஷங்களுக்குள்ள இருக்கற நெருக்கடி, மாமியார் கூடவே நிக்கறாங்க, மருமகள் எதையும் சொல்ல மாட்டேங்குது. அடுத்தது பேசற விதத்துல இருக்கற நெருக்கடி, டாக்டர் மாஸ்க் போட்டு முணுமுணுக்கறார், டெஃப் ஆளுக்குக் கையில கட்டு. நாலாவது நம்ம உள்ளுக்குள்ள ஓடறது, பசி, தூக்கமில்ல, இல்லைன்னா நம்ம வீட்டுலயும் இதே வியாதி. வேலை முடிஞ்சப்புறம் ரெண்டு மூணு இன்டர்பிரட்டர் உக்காந்து இதுல எதுக்கு என்ன பண்ணினோம், வேற என்ன பண்ணியிருக்கலாம்னு பேசினீங்கன்னா ஒரு வருஷத்துல நீங்களே வேற ஆளா இருப்பீங்க. ஆனா சேலம் மாதிரி ஊர்ல டெஃப் ஆளுங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க, பேர் சொல்லலைன்னாலும் எஸ்டேட்ல வேலை பாக்கற அம்மான்னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சுரும். அதனால ஊரு, வேலை, வயசு, ஆம்பளையா பொம்பளையா எல்லாத்தையும் மாத்திப்போட்டுத்தான் பேசணும். வெளியூர் இன்டர்பிரட்டர் கூட போன்ல பேசறது இன்னும் நல்லது, என்னையே கூப்பிடுங்க.

இன்னொரு விஷயம், தனியா ரெண்டு மணி நேரக் கூட்டத்துக்குப் போய் நிக்காதீங்க. இருபது நிமிஷம் முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்கணும், அதுக்கு மேல மூளை களைச்சு தப்பு விழுது, நமக்கே தெரியாது. மணிக்கட்டும் தோளும் போயிரும். கூப்பிடறவங்க ரெண்டு பேருக்குக் காசு குடுக்க யோசிப்பாங்க, எழுத்துல கேட்டு வாங்குங்க.

---

சேர்வராயன்_பிள்ளை

தம்பி இல்லண்ணே, பொண்ணு. நீங்க முழுங்கறதுன்னு சொன்னீங்கல்ல, அது நெஜம். எங்கம்மாவுக்கு ஆபரேஷன் சமயத்துல டாக்டர் சொன்னதை நான் முழுசா சொல்லல, அப்ப எனக்குப் பதினாலு வயசு, அந்த வயசுப் பிள்ளை கிட்ட அதைச் சொல்ல வச்சதே பெரியவங்க செஞ்ச தப்புன்னு இப்பவும் நினைக்கறேன். ஜிஎச்ல தனியா இன்டர்பிரட்டர் இருந்திருந்தா நான் மகளா மட்டும் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பேன்.

அந்தத் தேர்வைப் பத்திப் பாக்கறேன். எனக்கு மேல எஸ்டேட்ல டவர் சரியாக் கிடைக்காது, ஆன்லைன் வகுப்புன்னா அடிவாரத்துக்கு இறங்கினாத்தான் வீடியோ ஓடும். 2023 செப்டம்பர்ல ஐஎஸ்எல்ஆர்டிசி ஆன்லைன்ல தானா படிக்கற அடிப்படை கோர்ஸ் ஒண்ணு விட்டாங்களே, அதை எங்க எஸ்டேட்ல வேலை பாக்கற மேஸ்திரிங்களுக்கும் விஏஓவுக்கும் பாக்கச் சொல்லியிருக்கேன். நம்ம எல்லாரும் இன்டர்பிரட்டர் பத்தியே பேசறோம், எதிர்ல இருக்கறவங்க வணக்கம், உக்காருங்க, எங்க வலிக்குதுன்னாவது கத்துக்கிட்டா எங்க அப்பா அம்மா பாதி வேலையை அவங்களே முடிச்சுருவாங்க.

வயசான ஆளுங்களுக்கு டெஃப் இன்டர்பிரட்டர்னு சொன்னீங்களே, எங்கப்பா அதுக்கு அருமையான ஆளு. எந்த ஊர்ல இருந்து யாரு வந்தாலும் பத்து நிமிஷத்துல பேசிருவாரு. அவருக்குக் காசு குடுத்துக் கூப்பிட்டா சந்தோஷமா வருவாரு, அஸ்தம்பட்டி அண்ணா ஞாபகம் வச்சுக்குங்க.

---

அஸ்தம்பட்டி_கைமொழி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் படிச்சேன்.

பிஆர்சிக்கு இன்னைக்குக் காலையிலயே கடிதம் குடுத்துட்டேன். வகுப்பை டெஃப் பயிற்சியாளர் ஒருத்தர் முன்ன நின்னு எடுப்பார், நான் கூட இருந்து தேவைப்பட்ட இடத்துல மட்டும் குரல் குடுப்பேன், ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பூதியம், டிடிஐஎஸ்எல் படிச்சவங்களுக்கு முன்னுரிமைன்னு எழுதியிருக்கேன், 17ஆம் பிரிவையும் அதுல சேத்துட்டேன். ஒத்துக்கலைன்னா நான் தனியா எடுக்கறதா இல்ல. ஓமலூர் அக்கா, நீங்க சொன்ன கதை, கண்டிக்கறது, திருப்பிக் கேக்கறது இதையெல்லாம் வச்சுத்தான் பாடத்திட்டம் போடப் போறேன், உங்க வகுப்புல குழந்தைங்க அடிக்கடி மாட்டிக்கற இடம் எதுன்னு ஒரு பத்து எழுதி அனுப்பினீங்கன்னா அதையே பயிற்சிக்கு எடுத்துக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணா, சங்கக் கூட்டத்துக்கு இந்த வாரத்துல இருந்து வர்றேன், வேலை கேட்டு இல்ல, சும்மா. வாய்ஸிங் பயிற்சிக்கு தனியா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணா பூங்காவுல கூடலாம்னு நானும் இன்னும் ரெண்டு இன்டர்பிரட்டரும் பேசியிருக்கோம், வெளிச்சம் இருக்கற வரைக்கும். வந்து பேசிக் காட்டற டெஃப் நண்பர்களுக்கு மணிக்கணக்குல காசு, அதை இன்டர்பிரட்டருங்க நாங்க பங்கு போட்டுக் குடுக்கறோம். எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க, பட்டறைக் கூலிக்குக் குறையாம இருக்கணும். வீடியோ எடுத்தா பயிற்சி முடிஞ்சதும் அவங்க கண் முன்னாலயே அழிச்சுருவோம், குரூப்ல எல்லாம் போட மாட்டோம்.

ஏற்காட்டுத் தங்கச்சி, உங்கப்பாவுக்கு என்ன குடுக்கணும்னு கேட்டுச் சொல்லுங்க, அடுத்து ஆஸ்பத்திரிக்குப் பெரியவங்க யாராச்சும் வந்தா டாக்டர் கிட்ட முன்கூட்டியே சொல்லி அவரையும் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை பயிற்சிக்கு வந்துட்டு மலைக்குக் கடைசி பஸ் பிடிக்கணும்னாலும், மேட்டூர், ஆத்தூர் பக்கம் இருந்து யாராவது வர்றதா இருந்தாலும், நாலு மணிங்கறதை மூணாக்கிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க.